வராதவர்கள் பட்டியல்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். முதல் பாடம் என்பதால் பிள்ளைகள் அதை மட்டும் ஒழுங்காகப் படித்துவிடுவார்கள். அக்கா மகளும் படித்திருந்தாள். வரிசைச் சோடி, கார்டீசியன் பெருக்கல், மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், நிழல் உரு, முன் உரு என்று எதைக் கேட்டாலும் வரையறை தண்ணீர்பட்ட பாடாக வந்தது. நோட்டில் அம்புக்குறிப் படம் போட்டிருந்தாள். மதிப்பகமான இடப்பக்க முட்டைக்குள் 1, 2, 3, 4. வலப்பக்க முட்டைக்குள் 1 முதல் 10 வரை. இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பது விதி. நான்கு அம்புகளும் 3, 5, 7, 9 ஆகியவற்றில் போய் நின்றன. மிச்சமிருந்த 1, 2, 4, 6, 8, 10 ஆகிய ஆறையும் பென்சிலால் தட்டிக்கொண்டே கேட்டாள்: “வீச்சகம்னு ஒண்ணுதான் இருக்கே மாமா. அப்புறம் துணை மதிப்பகம் எதுக்கு? அம்பே வராத நம்பரையெல்லாம் எதுக்குச் சும்மா எழுதி வைக்கணும்?”

மதிப்பகத்தின் உறுப்புகள் போய்ச் சேரும் இடமெல்லாம் வீச்சகம், அவை போய்ச் சேரக்கூடிய இடமெல்லாம் துணை மதிப்பகம் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தேர்வு இருந்தது, எனக்கு இல்லை. அதனால் அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. போய்ச் ‘சேரக்கூடிய’ என்றால் என்ன? 4-க்கு அம்பு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது ஒற்றைப்படை எண்தான். வரவே முடியாது என்று தெரிந்த எண்ணை எதற்கு முட்டைக்குள் உட்கார வைத்திருக்கிறோம்? அப்படியே வைப்பதென்றாலும் 10-இல் ஏன் நிறுத்த வேண்டும், 1000 வரை எழுதினால் என்ன? எழுதலாம் என்பதுதான் விடை. கணக்கில் இவ்வளவு தாராளமாக யாரோ ஒருவர் இஷ்டத்துக்கு முடிவு செய்யும் விஷயம் ஒன்று இருப்பதே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்தப் பாடத்தில் என்னை உறுத்திய இன்னொன்றும் உண்டு. ஓர் உறவு எப்போது சார்பு ஆகும் என்பதற்கு இரண்டு நிபந்தனைகள். மதிப்பகத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் நிழல் உரு, அதாவது அதன் அம்பு போய்ச் சேரும் உறுப்பு, இருக்க வேண்டும். அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டாவதை மறப்பதில்லை. ஓர் எண்ணிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பினால் சார்பு இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். வரைபடம் கொடுத்தால் குத்துக்கோட்டுச் சோதனை வேறு இருக்கிறது. விட்டுப்போவது முதலாவது. இடப்பக்க முட்டையில் ஓர் எண் அம்பில்லாமல் நின்றால் அதுவும் சார்பு இல்லை. ஆனால் வலப்பக்கத்தில் ஓர் எண் அம்பில்லாமல் நின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அது மேல் சார்பு இல்லை, உட்சார்பு என்று ஒரு பெயரைக் கொடுத்து அப்படியே விட்டுவிடுகிறோம். இடப்பக்கத்தில் பெருங்குற்றம், வலப்பக்கத்தில் சர்வ சாதாரணம். ஏன் இந்த ஓரவஞ்சனை?

இடப்பக்கத்துக்கு விடை சுலபம். மதிப்பகம் என்பது நாம் பொறுப்பேற்றுக்கொண்ட கூட்டம். இதில் எதைக் கொண்டுவந்தாலும் பதில் தருவேன் என்று சார்பு வாக்குக் கொடுக்கிறது. கொடுத்த வாக்கில் ஓர் ஆள் விட்டுப்போனாலும் வாக்குப் பொய்தான். தலைகீழி எடுக்கும் விதிக்கு மெய்யெண்கள் அனைத்தையும் மதிப்பகமாகக் கொடுத்தால் அது சார்பு ஆகாது. பூச்சியத்தில் போய் முட்டிக்கொள்ளும். பூச்சியத்தை நீக்கிவிட்டுக் கொடுத்தால் சார்பு. விதி அதேதான், மாறியது வாக்கு மட்டும். வலப்பக்கத்துக்குத்தான் எனக்கு நல்ல விடை கிடைக்கவில்லை.

நோட்டும் பட்டியலும்

கிடைத்தது சித்தப்பா வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள் மாலை. எங்கள் மதுரைப் பக்கத்தில் மொய் நோட்டு என்பது வீட்டுப் பத்திரம் மாதிரி. முதல் வரியில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் மொய், அப்புறம் வரிசையாக ஊர், தலையெழுத்து, பெயர், தொகை. மண்டப வாசலில் ஒருவர் எழுதுவார், பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணித் தாம்பாளத்தில் போடுவார். அந்த நோட்டைச் சித்தப்பா மகன் அன்று எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தான். பெயரைக் கொடுத்தால் தொகையை எடுத்துத் தரும்படி வீலுக்அப் போட்டு வைத்திருந்தான். மேலூர் முருகேசனுக்கு 501 என்று வந்தது. அவர் 2001 எழுதியது சித்திக்கு நன்றாக நினைவிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் மேலூரில் இரண்டு முருகேசன்கள். வீலுக்அப் மேலிருந்து தேடிக்கொண்டு வந்து, முதலில் கண்ணில் பட்டவரோடு நின்றுவிட்டது. அது தப்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பாடப் புத்தகத்தில் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்த இரண்டாவது நிபந்தனை இங்கே கண் முன்னால் வந்து நின்றது. பெயரிலிருந்து தொகைக்குப் போவது ஓர் உறவு, ஆனால் சார்பு இல்லை. வீலுக்அப் அதைச் சார்பு என்று நம்பி வேலை செய்கிறது. ஊரோடு தலையெழுத்தையும் சேர்த்துக்கொண்டால் சார்பாகிவிடும். க. முருகேசன் வேறு, பெ. முருகேசன் வேறு. தகவல் தளங்களில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முதன்மைச் சாவி வைப்பதும், நம் ஊர் மொய் எழுத்தர் தலையெழுத்தைக் கேட்டு வாங்கி எழுதுவதும் ஒரே காரணத்துக்காகத்தான். தொகையிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போக வழியே இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 501 எழுதியவர்கள் பாதிப் பேர். ஒன்றுக்கு ஒன்றாக இல்லாத சார்புக்குத் தலைகீழ்ச் சார்பு கிடையாது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். (மொய் உறவு சமச்சீர் உறவாக இருக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவர் எனக்குச் செய்தால் நான் அவருக்குச் செய்தாக வேண்டும். அவர் யாருக்கெல்லாம் செய்தாரோ அவர்களுக்கும் நான் செய்ய வேண்டும் என்கிற கடப்பு உறவாக இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.)

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. இவன் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் சித்தப்பா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். சித்தி மடியில் இன்னொரு நோட்டு இருந்தது. பத்திரிகை வைத்த வீடுகளின் பட்டியல். அவர் வாசிக்க வாசிக்க இவர் பட்டியலில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். மொய் நோட்டு முடிந்தது. மொத்தத் தொகையும் சரியாக இருந்தது. சித்தப்பாவைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. சித்திக்கு அப்போதுதான் வேலை ஆரம்பித்தது. டிக் விழாத வீடுகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். “நத்தத்துக்காரங்க ஏன் வரல? நேர்ல போய்த்தானே வச்சீங்க?” நேரில் போகவில்லை, ஆள் மூலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு வீட்டின் பெயர் வந்ததும் அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொன்றும் பேசவில்லை. என்ன கதையோ.

நான் பார்த்துக்கொண்டிருந்தது துணை மதிப்பகத்தை. மொய் நோட்டின் வரிசை எண்கள் மதிப்பகம். 1, 2, 3 என்று போகும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வீடு, ஆகவே சார்பு. அப்பா தனியாகவும், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் அதே வீட்டின் பெயரில் தனியாகவும் எழுதியிருந்தால் இரண்டு எண்களுக்கு ஒரே வீடு. பலவற்றிற்கு ஒன்றான சார்பு. வந்து எழுதிய வீடுகள் அத்தனையும் சேர்ந்தது வீச்சகம். மொய் நோட்டு ஒன்றே போதும், வீச்சகத்தை முழுசாக எடுத்துவிடலாம். ஆனால் எத்தனை முறை அதைப் புரட்டினாலும் யார் வரவில்லை என்று அந்த நோட்டு சொல்லாது. வராதவர்களின் பெயர் அதில் கிடையாது. அதற்குச் சித்தியின் மடியில் இருந்த பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் கல்யாணத்துக்கு முன்பே, யார் வருவார்கள் என்று தெரியாத நிலையில் எழுதப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. நோட்டில் பெயர் இருந்தது, பட்டியலில் இல்லை. பத்திரிகை வைக்காமலே யாரோ ஒருவர் வந்து சாப்பிட்டு மொய்யும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சித்திக்குப் பெரிய சங்கடம். உடனே பட்டியலின் கடைசியில் அந்தப் பெயரைச் சேர்த்தார். கணக்கின் சட்டமும் அதுதான். வீச்சகம் துணை மதிப்பகத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் வந்தவர் மேல் தப்பில்லை, பட்டியல் எழுதியவர் மேல்தான் தப்பு. பட்டியலை நம் இஷ்டத்துக்கு எழுதலாம் என்று முன்பு சொன்னேன். இஷ்டத்துக்கு எழுதினாலும் வந்தவர் யாரையும் விடக் கூடாது. ஊர் முழுவதையும் எழுதி வைத்துக்கொண்டால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். ஆனால் அப்போது டிக் விழாத பெயருக்கு அர்த்தம் இருக்காது. ‘ஏன் வரல’ என்று முறையாகக் கேட்க ஆசைப்படுகிறவர், அதற்கேற்ற பட்டியலை எழுத வேண்டும்.

சூத்திரம் மட்டும் சார்பு இல்லை

பழைய கணிதக்காரர்கள் இந்தப் பட்டியல் இல்லாமலே நெடுங்காலம் ஓட்டினார்கள் என்பது அக்கா மகளுக்கு ஆறுதலாக இருக்கலாம். 1748-இல் ஆய்லர் எழுதிய பெரிய நூலில், மாறியையும் மாறிலிகளையும் கொண்டு எப்படியாவது அமைத்த கோவைதான் சார்பு. சுருக்கமாகச் சொன்னால் சூத்திரம். அதிர்கிற கம்பியும் இரும்பில் பரவுகிற வெப்பமும் வந்து அந்த வரையறையைப் படாத பாடு படுத்தின. கம்பியை விரலால் இழுத்துவிடும்போது கிடைக்கும் முனையுள்ள வடிவத்துக்கு ஒரே சூத்திரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் உயரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1829-இல் டிரிஷ்லே ஒரு குறும்பு செய்தார். விகிதமுறு எண்ணுக்கு ஒரு மதிப்பு, விகிதமுறா எண்ணுக்கு வேறொரு மதிப்பு. அவ்வளவுதான் சார்பு. இதை வரைந்து காட்ட எந்தப் பென்சிலாலும் முடியாது. ஆனால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே ஒரு பதில் உண்டு. இன்று நாம் படிக்கும் சார்பு, சூத்திரத்தை உதறிவிட்டு அந்த ‘ஒரே ஒரு பதிலை’ மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது.

20-ஆம் நூற்றாண்டில் அதை வரிசைச் சோடிகளின் கணமாக இறுக்கிக் கட்டினார்கள். இங்கேதான் வேடிக்கை. சார்பு என்பது வெறும் சோடிகளின் கணம் என்று சொன்னால், அதிலிருந்து மதிப்பகத்தை எடுக்கலாம், வீச்சகத்தை எடுக்கலாம். துணை மதிப்பகத்தை எடுக்கவே முடியாது. (1, 3), (2, 5), (3, 7), (4, 9) ஆகிய நான்கு சோடிகளைப் பார்த்து வலப்பக்க முட்டையில் 10 இருந்ததா, 1000 இருந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? கணக் கோட்பாட்டு நூல்கள் பலவும் இந்த வரையறையோடு நிற்கின்றன. ஆக, அக்கா மகள் கேட்டது விவரமில்லாத கேள்வி இல்லை, அதுவே ஒரு கட்சி. எதிர்க்கட்சியில் பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக் குழு இருக்கிறது. 1954-இல் வந்த அவர்களின் கணக் கோட்பாட்டு அத்தியாயத்தில், சோடிகளின் கணம், புறப்படும் கணம், போய்ச் சேரும் கணம் என்று மூன்றையும் சேர்த்தால்தான் முழுமை. இருபுறச் சார்பு (ஒன்றுக்கு ஒன்றாகவும் மேல் சார்பாகவும் இருப்பது), மேல் சார்பு போன்றவற்றுக்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்களைப் பரப்பியதும் அவர்கள்தான். நம் பத்தாம் வகுப்புப் புத்தகம் இந்தக் கட்சி. அதைப் புத்தகம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மூன்று உறுப்புகள் உள்ள கணத்திலிருந்து இரண்டு உறுப்புகள் உள்ள கணத்துக்கு 2⁶, அதாவது 64 உறவுகள் உண்டு. அவற்றில் சார்புகள் 2³ = 8 மட்டும். அந்த எட்டில் எல்லா அம்புகளும் ஒரே இடத்தில் போய்க் குவிகிற மாறிலிச் சார்புகள் இரண்டு. மீதி ஆறு மேல் சார்புகள். 64, 8, 6. 64-ஐ 8 ஆகச் சலித்தது இடப்பக்கத்துக்குக் கொடுத்த வாக்கு. 8-ஐ 6 ஆகச் சலித்தது வலப்பக்கத்தின் எதிர்பார்ப்பு. துணை மதிப்பகத்தைத் தூக்கிவிட்டால் இந்தக் கடைசிச் சலிப்பே கிடையாது. எந்தச் சார்பும் தன் வீச்சகத்துக்கு மேல் சார்புதான். எல்லோரும் பாஸ் என்று சொல்லிவிட்டால் அப்புறம் தேர்வு எதற்கு?

வர்க்கப்படுத்துவது என்ற ஒரே விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இயல் எண்களிலிருந்து இயல் எண்களுக்கு என்றால் ஒன்றுக்கு ஒன்று, ஆனால் மேல் சார்பு இல்லை. முழுக்களிலிருந்து முழுக்களுக்கு என்றால் இரண்டும் இல்லை. பூச்சியமும் மிகை மெய்யெண்களும் சேர்ந்த கணத்திலிருந்து அதே கணத்துக்கு என்றால் இருபுறச் சார்பு. வலப்பக்கத்தில் அம்பில்லாமல் நின்ற எண்கள்தான் கணிதத்தை நகர்த்தியிருக்கின்றன. விகிதமுறு எண்களோடு மட்டும் நின்றால் 2-க்கு அம்பு வராது. அம்பு வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் மதிப்பகத்தை விரிக்க வேண்டும், மெய்யெண்கள் கிடைக்கும். அங்கேயும் குறை எண்களுக்கு அம்பு வராது. 1545-இல் கார்டானோ, 10-ஐ இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் 40 வர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, 5-உடன் −15-இன் வர்க்கமூலத்தைக் கூட்டியும் கழித்தும் எழுதினார். பெருக்கிப் பாருங்கள், 25-உம் 15-உம் சேர்ந்து 40 வந்துவிடும். அந்த விநோத எண்களை எல்லாம் சேர்த்துக் கலப்பெண்கள் என்று ஆன பிறகு, மாறிலி அல்லாத எந்தப் பல்லுறுப்புக்கோவையை எடுத்தாலும் கலப்பெண்களிலிருந்து கலப்பெண்களுக்கு அது மேல் சார்பு. இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்.

15

ஒரே ஓர் ஆள் மட்டும் வராமல் போன கல்யாணம் கணிதத்தில் ஒன்று இருக்கிறது. அதை நடத்தியவர் நம் ராமானுஜன்.

முதலில் பின்னணி. நான்கு முழுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் எல்லா இயல் எண்களும் கிடைக்கும் என்று 1770-இல் லாக்ராஞ்சு நிரூபித்தார். மூன்று வர்க்கங்கள் போதாது. 7-ஐ மூன்று வர்க்கங்களால் உண்டாக்க முடியாது, 4 + 1 + 1 ஆறோடு நின்றுவிடும். நம் பாஷையில், மூன்று வர்க்கங்களின் கூடுதல் மேல் சார்பு இல்லை, நான்கின் கூடுதல் மேல் சார்பு. சரி, வர்க்கங்களுக்கு முன்னால் கெழுக்களை, அதாவது பெருக்கும் எண்களை, போட்டால்? கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் 1917-இல் வெளிவந்த கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டார். எந்தெந்த நான்கு கெழுக்களுக்கு எல்லா மிகை முழுக்களும் கிடைக்கும்?

அவர் போன வழியை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையே பின்தொடரலாம். கெழுக்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். 1 என்ற எண் வர வேண்டும், ஆகவே முதல் கெழு 1-ஆகத்தான் இருக்க வேண்டும். வெறும் வர்க்கங்களில் 2 இல்லை, ஆகவே இரண்டாவது கெழு 1 அல்லது 2. அது 2 என்று வையுங்கள். இப்போது கையில் இருப்பது அ² + 2ஆ². இதில் 1, 2, 3, 4 எல்லாம் வரும், 5 வராது. ஆகவே மூன்றாவது கெழு 5-ஐத் தாண்டக் கூடாது. 5 என்றே வையுங்கள். அ² + 2ஆ² + 5இ² என்பதில் 9 வரைக்கும் எல்லாம் வரும், 10 வராது. ஆகவே நான்காவது கெழு 5 முதல் 10 வரை ஏதோ ஒன்று. கவனித்தீர்களா, ஒவ்வொரு படியிலும் அவர் பார்ப்பது வந்த எண்களை இல்லை, முதலில் வராத எண்ணை. சித்தி செய்தது போலவே, டிக் விழாத முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த கெழுவைத் தேடுகிறார். இப்படி வடிகட்டி 55 நால்வர்களைப் பட்டியல் போட்டார்.

அந்த 55-இல் ஒன்று 1, 2, 5, 5. அதாவது அ² + 2ஆ² + 5இ² + 5ஈ². இதில் 15-ஐ வரவழைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு வர்க்கங்களும் பூச்சியமானால் அ² + 2ஆ² மட்டும் 15 ஆக வேண்டும். 15-இலிருந்து 2, 8 என்று கழித்துக்கொண்டு வந்தால் 15, 13, 7. எதுவும் வர்க்கம் இல்லை. ஒரு 5-ஐ எடுத்தால் மீதி 10. அங்கே 10, 8, 2. வர்க்கம் இல்லை. இரண்டு 5-ஐயும் எடுத்தால் மீதி 5. அங்கே 5, 3. இல்லை. மூன்று 5 எடுக்க வழியில்லை, ஏனென்றால் இரண்டு வர்க்கங்களைக் கூட்டி 3 வராது. நான்கு 5 என்றால் 20, எல்லை தாண்டிவிட்டது. முடிந்தது, 15 வராது. 14 வரும், 9 + 5. 16 வரும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் வரும். இந்தச் சார்பின் துணை மதிப்பகம் பூச்சியமும் மிகை முழுக்களும் என்று எடுத்தால், வலப்பக்க முட்டையில் முடிவில்லாத எண்களுக்கு நடுவே 15-க்கு மட்டும் அம்பில்லை. 1927-இல் அமெரிக்கக் கணிதவியலர் டிக்சன் இதைச் சுட்டிக்காட்டினார். 55 என்பது 54 ஆனது. மற்ற 54-உம் அப்படியே சரி.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வீச்சகத்தை மட்டும் வைத்துப் பேசினால் இந்தச் சம்பவத்தைச் சொல்லவே முடியாது. ‘இந்தச் சார்பின் வீச்சகம் இன்னின்ன எண்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், அதில் தப்பே இருக்காது. எல்லா மிகை முழுக்களும் வர வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவர் எழுதி வைத்ததால்தான் 15 இல்லாதது ஒரு செய்தி ஆயிற்று. அந்தச் செய்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் வெகுதூரம் போனார்கள். 1993-இல் கான்வேயும் ஷ்னீபெர்கரும் ஒரு தேற்றத்தைக் கண்டார்கள், 2000-இல் மஞ்சுள் பார்கவா அதற்கு எளிமையான நிரூபணம் கொடுத்தார். மிகை மதிப்புகளையே தரும் இருபடி வடிவம் ஒன்று, அதன் குறுக்கு உறுப்புகளின் (அஆ போல இரண்டு மாறிகள் பெருக்கிக்கொள்பவை) கெழுக்கள் இரட்டை முழுக்கள், மற்றவை முழுக்கள் என்று வையுங்கள். அதில் 1 முதல் 15 வரை எல்லாம் வந்துவிட்டால் எல்லா எண்களும் வந்துவிடும். பதினைந்தையும் சோதிக்கக்கூட வேண்டாம், 1, 2, 3, 5, 6, 7, 10, 14, 15 ஆகிய ஒன்பது போதும். முடிவில்லாத பட்டியலுக்கு ஒன்பது டிக். ராமானுஜன் பட்டியலில் இடறிய அதே 15-தான் இந்த ஒன்பதில் கடைசி எண்.

‘வீச்சகம் காண்க’

தேர்வில் வரும் ‘வீச்சகம் காண்க’ கேள்வியில் மதிப்பகத்தில் நான்கைந்து எண்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் விதியில் போட்டால் வீச்சகம் கிடைத்துவிடும். இதைப் பார்த்துப் பார்த்து, விதி தெரிந்தால் வீச்சகமும் தெரிந்த மாதிரிதான் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. துணை மதிப்பகம் வெட்டி வேலை என்று தோன்றுவதற்கும் இதுதான் மூல காரணம் என்று நினைக்கிறேன். உண்மையில் துணை மதிப்பகம்தான் முதல் நாளே நம் கையில் இருப்பது. வீச்சகம் உழைத்துக் கண்டுபிடிக்க வேண்டியது. சில சமயம் அந்த உழைப்புக்கு ஓர் ஆயுள் போதாது.

மூன்று முழுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் கனப்படுத்திக் கூட்டுங்கள். குறை எண்களும் சேர்த்தி. மதிப்பகம் முழுக்களின் மும்மைகள், துணை மதிப்பகம் முழுக்கள். விதி ஒரு வரிதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். வீச்சகம் என்ன? ஒரு கனத்தை 9-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 ஆகிய மூன்றில் ஒன்றுதான். எனவே மூன்று கனங்களைக் கூட்டினால் மீதியாக 4-உம் 5-உம் வரவே முடியாது. 4, 5, 13, 14, 22, 23 இவையெல்லாம் அடிபட்டுப் போகின்றன. மற்ற எல்லாம் வருமா? 29 சுலபம், 27 + 1 + 1. 30-க்கு 1999 வரை யாரிடமும் விடை இல்லை. 33-க்கு 2019-இல்தான் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ புக்கர் விடை கண்டார், மூன்றும் 16 இலக்க எண்கள். அதே ஆண்டு புக்கரும் எம்ஐடியின் ஆண்ட்ரூ சதர்லாந்தும் உலகெங்கும் சும்மா கிடந்த வீட்டுக் கணினிகளில் பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி 42-ஐப் பிடித்தார்கள். அந்த மூன்றும் 17 இலக்கம்.

அத்தோடு 100-க்குள் பாக்கி இல்லை. 1000-க்குள் 114, 390, 627, 633, 732, 921, 975 ஆகிய ஏழுக்கும் இன்னும் டிக் விழவில்லை. அவை வீச்சகத்தில் இருக்கின்றனவா, துணை மதிப்பகத்தில் மட்டும்தானா என்று சொல்ல உலகில் இன்று ஆள் கிடையாது. இதே கேள்வியை இரண்டு மதிப்பெண் பகுதியில் வைத்தால் வினாத்தாள் தயாரித்தவர் மேல் புகார் போகும். ஆனால் ஐந்து மதிப்பெண் பாடத்தின் ஓரத்தில், கட்டம் கட்டி, விடை இல்லாமல் இதை அச்சடிக்கலாம். பக்கத்திலேயே வலப்பக்க முட்டையில் 114 என்று ஒரு புள்ளியும் வைக்கலாம், அம்பு போடாமல்.